மாதுளை முத்தைக் காதல் பரிசாக்கியவர்களுக்கு

கிரேக்கப் புராணங்களைக் காதல் நாவல்களாக மறுபடி எழுதுகிறவர்களுக்கும், அவற்றை வெளியிடும் பதிப்பாளர்களுக்கும்,

வணக்கம். பாதாள உலகின் அரசன் ஹேடிஸ் பெர்செபோனியைக் கடத்திச் சென்ற கதையை வைத்து வரும் நாவல்களை ஆசையோடு வாங்கி, ஒவ்வொரு முறையும் ஏமாந்துபோன வாசகி நான். பழைய கதையில் கை வைக்கக் கூடாது என்பது என் வாதமல்ல. கி.மு. 412-இல் கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸ் அரங்கேற்றிய நாடகத்தில், டிராய்ப் போருக்குக் காரணமானவளாகச் சொல்லப்படும் ஹெலன் டிராய் நகருக்குப் போகவே இல்லை. போனது அவளுடைய மாயத்தோற்றம்தான். அந்த ஒரு மாற்றத்தால் பத்தாண்டுப் போர் முழுவதும் ஒரு நிழலுக்காக நடந்ததாகிவிடுகிறது. உங்கள் மாற்றங்களோ கதையைச் சுருக்கிவிடுகின்றன.

இந்தக் கதையின் பழைய வடிவம், பெர்செபோனியின் தாயும் விளைச்சல் தெய்வமுமான டெமீட்டரைப் போற்றும் ஹோமரிய துதிப்பாடலில் இருக்கிறது. அது ஐந்நூறு அடிகூட இல்லாதது. அதில் பெரும்பகுதி, மகளைத் தேடும் தாயைப் பற்றியதே. தீப்பந்தங்களை ஏந்தி, அமுதம் தொடாமல், குளிக்காமல் ஒன்பது நாள் அலைகிறாள். கடத்தலுக்கு ஒப்புதல் தந்தவன் பெண்ணின் தகப்பனும் தேவர்களின் அரசனுமான ஸீயஸே என்றறிந்ததும் தேவர்களை விட்டு விலகுகிறாள். பின்னர் நிலத்தில் ஒரு விதையும் முளைக்காதபடி செய்து அவனைப் பணிய வைக்கிறாள். இத்தகைய தாயை, மகளைப் பூட்டி வைத்து அவள் காதலைக் கெடுக்கும் சிடுமூஞ்சியாக உங்களில் பலர் மாற்றியிருக்கிறீர்கள். கடத்தியவனை நல்லவனாக்க வேறு வழி தெரியவில்லை போலும்.

மாதுளை முத்தை எடுத்துக்கொள்வோம். பாதாளத்தில் எதையாவது தின்றவள் ஆண்டில் ஒரு பகுதி அங்கேயே இருந்தாக வேண்டும் என்பது கதையின் விதி. உங்கள் நாயகி அதை விரும்பிக் கேட்டு, அவன் கண்ணைப் பார்த்தபடியே தின்கிறாள். பாடலில், வீட்டுக்குப் போகலாம் என்று கேட்டதும் பெர்செபோனி மகிழ்ச்சியில் துள்ளி எழுகிறாள். ஹேடிஸ் யாருக்கும் தெரியாமல் அந்த முத்தைக் கொடுக்கிறான். திரும்பி வந்தவளை அணைத்துக்கொண்டிருக்கும்போதே தாய்க்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்துகிறது. கீழே ஏதாவது சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். எனக்கு விருப்பமில்லாமல் வலுக்கட்டாயமாகத் தின்ன வைத்தான் என்று மகள் சொல்கிறாள். தன் வாயால் அவள் சொன்ன இந்தச் சொல்லை அழித்துவிட்டு, அவளுக்குக் குரல் கொடுத்ததாகப் பின்னட்டையில் அச்சிடுவது எந்த வகையில் நியாயம்?

அந்த ஹேடிஸும் அவளிடம் மரியாதையாகப் பேசுகிறான், ராணியாக எல்லோரையும் ஆள்வாய் என்று வாக்களிக்கிறான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சிக்கலான ஒரு காதல் கதைக்கு அங்கே இடம் இருக்கிறது. ஆனால் அந்த ராணியையும் நீங்கள் எழுதுவதில்லை. ஹோமரின் ஒடிஸி காவியத்தின் பதினோராம் காண்டத்தில், பாதாளத்துக்குப் போன நாயகன் ஒடிஸியஸ், பார்த்தவரைக் கல்லாக்கும் கோர்கனின் தலையை அவள் அனுப்பிவிடுவாளோ என்று அஞ்சிக் கப்பலுக்கு விரைகிறான். உங்கள் பெர்செபோனியோ, தான் வலிமையானவள் என்பதை ஹேடிஸ் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறாள். அதற்கும் இருநூறு பக்கம் ஆகிறது.

கறுப்புச் சட்டையும் சோகக் கண்களும் கொண்ட பணக்காரனை நாயகனாக்கி எழுதுவதில் தவறில்லை. அவனுக்கு வேறொரு பெயர் வைத்துக்கொள்ளுங்கள். ஹேடிஸ் என்றே பெயர் வைப்பதானால், தீப்பந்தத்தோடு தேடிவரும் அந்தத் தாயையும் கதைக்குள் விடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி