அபராதப் பலகை

சென்னை,
ஞாயிறு இரவு

அன்புள்ள குண்டூசிக்கு,

உன் கடிதம் வந்து ஐந்து மாதங்கள் ஆகிவிட்டன. முழங்கால் வலி, மகளின் பிரசவம், மழை என்று மூன்று காரணங்களைத் தயாராக வைத்திருக்கிறேன். மூன்றையும் நீ நம்பமாட்டாய் என்பதால் விட்டுவிடுகிறேன். பேத்தி நலம். உன் வீட்டுக்காரர் இன்னும் அல்வாவை ஒளித்துவைத்துத்தான் சாப்பிடுகிறாரா?

நம் பெண்பிள்ளைகள் நூலகத்துக்கு நீ அனுப்பிய புத்தக மூட்டை வந்து சேர்ந்தது. அதில் பாதிக்குமேல் வங்கிப் பதவி உயர்வுத் தேர்வுக்கான கையேடுகள். எங்கள் வாசகிகளில் மூத்தவளுக்கே பதினாறு வயதுதான். கடன் வசூல் விதிகளைப் படித்துவிட்டு அவள் யாரிடம் போய் வசூலிப்பாள்? இனிமேல் அலமாரியைக் காலி செய்ய நினைத்தால் பழைய பேப்பர்காரரைக் கூப்பிடு. வருகிற பணத்தை எங்களுக்கு அனுப்பு.

சரி, விளையாட்டு போதும். போன மாதம் நடந்த ஒன்றை உன்னிடம்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் உனக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

நீ நூலகத்தின் கணக்கு மட்டும் பார்க்கிறாய், அது இருக்கும் கண்ணகி நகருக்கு இன்னும் வந்ததில்லை. துரைப்பாக்கத்துக்கு அருகே, 2000ஆம் ஆண்டை ஒட்டி, நகருக்குள் ஆற்றோரங்களில் குடிசை போட்டு வாழ்ந்தவர்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய இடம் அது. 2020இல் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் தீட்டினார்கள். அவற்றைப் படம் பிடிக்க வருகிறவர்கள் உண்டு. சுவருக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறையில் ஐந்து பேர் படுத்து எழும்போது ஒரு பெண் எங்கே உட்கார்ந்து படிப்பாள் என்பது அந்தப் படங்களில் தெரியாது. செய்தித்தாள் மேசையைச் சுற்றி ஆண்களே அமர்ந்திருக்கும் படிப்பகத்துக்குத் தாய்மார்கள் மகளை அனுப்புவதில்லை. ஆகவேதான் பெண்பிள்ளைகளுக்கென்றே ஓர் அறையை வாடகைக்கு எடுத்தோம். இடுப்பில் வரும் தம்பிகளுக்கு மட்டும் விலக்கு. தம்பியை உள்ளே விடாவிட்டால் அக்காவும் வரமுடியாது என்பதை இரண்டாவது வாரத்திலேயே கற்றுக்கொண்டோம்.

பிள்ளைகள் வந்தார்கள், அறையில் உட்கார்ந்து படித்தார்கள், ஆனால் யாரும் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. நாற்பது பேர் வரும் இடத்தில் இரவல் பதிவேட்டில் வாரத்துக்கு ஐந்தாறு பெயர்களே இருந்தன. வீட்டில் விளக்கு சரியில்லை, தண்ணீர் பிடிக்கும் வேலை, கைப்பேசி என்று நானாகவே காரணங்களை அடுக்கிக்கொண்டேன். ஆர்வம் போதவில்லை என்று உனக்குக்கூட எழுதினேனே, நினைவிருக்கிறதா? அந்த வரியை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓர் அம்மா வந்தார். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கணினி நிறுவனத்தில் துப்புரவு வேலை செய்பவர். சீருடையோடு, வேலைக்குப் போகும் அவசரத்தில் வாசலில் நின்றார். கையிலிருந்த ரேஷன் பையிலிருந்து எங்கள் புத்தகம் ஒன்றை எடுத்தார். கூரை ஒழுகி நனைந்ததைக் காயவைத்து, இஸ்திரி போட்டிருக்கிறார். பக்கங்கள் பொரித்த அப்பளம்போல உப்பி, நெளிந்து நின்றன. எட்டாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகள் அதைப் பதிவேட்டில் எழுதாமல் பாவாடைக்குள் மறைத்து எடுத்துப் போயிருக்கிறாள். குறைந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. "ரெண்டு மடங்கு கட்டணும்னு எழுதிப் போட்டிருக்கீங்களாமே மேடம், இப்ப நூறு ரூபா இருக்கு, மீதியைச் சம்பளம் வந்ததும் தர்றேன், பிள்ளைய வரவேணாம்னு மட்டும் சொல்லிராதீங்க" என்றார். அந்த அம்மாவுக்கு எழுத்து தெரியாது. எங்கள் நூலகத்திலிருந்து மகள் அவருக்கு முதன்முதலாகப் படித்துக்காட்டியது அந்தப் பலகையைத்தான்.

"நூலைத் தொலைப்பவரும் சேதப்படுத்துபவரும் இருமடங்கு விலை செலுத்த வேண்டும்." இந்த வாசகம் எங்கிருந்து வந்தது தெரிகிறதா? நம் கல்லூரி நூலகத்தின் சுவரிலிருந்துதான். பொருளாதாரப் புத்தகத்தைப் பேருந்தில் விட்டுவிட்டு, அபராதம் கட்டுவதற்காக நீ இரண்டு மாதம் விடுதியில் இராச்சாப்பாட்டை நிறுத்தினாயே, அதே வாசகத்தை ஒரு எழுத்து மாறாமல் நினைவிலிருந்து எழுதி, சாயம் பூசி, ஆணி அடித்து மாட்டியவள் நான். அன்று உனக்காகக் காப்பாளரோடு சண்டை போட்டவளும் நான்தான்.

இந்திய நூலகவியலின் தந்தை என்று சொல்லப்படும் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலாக வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. முற்காலத்து ஐரோப்பாவில் நூல்களை அடுக்கோடு சங்கிலியால் பிணைத்து வைத்திருந்ததைச் சொல்லித்தான் அவர் அதை விளக்குகிறார். நூலகத் திறப்பு நாளில் அதைப் பிள்ளைகளிடம் கதைபோலச் சொல்லிக் கைதட்டல் வாங்கினேன். என் தலைக்கு நேர்மேலே பலகை தொங்கிக்கொண்டிருந்தது. 1948இல் சென்னை மாகாணத்துக்கென நூலகச் சட்டம் வந்ததே, அவருடைய பெருமுயற்சியால், அதன்படி இன்றும் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகப் போகிறது. ஊரே சேர்ந்து பொது நூலகத்துக்குச் செலவு செய்ய வேண்டும் என்று சட்டமே சொல்லும்போது, நாம் நடத்தும் ஓர் அறையில் மழையில் நனைந்த ஒரு புத்தகத்துக்கு ஒரு துப்புரவுத் தொழிலாளியின் சம்பளத்தில் கைவைக்கப் பார்த்தேன்.

பணத்தை வாங்கவில்லை. அன்றே பலகையைக் கழற்றினேன். ஆணி மட்டும் வரவில்லை, அதில் இப்போது நாட்காட்டி தொங்குகிறது. உப்பிய புத்தகத்தை அடுக்கின் முன்வரிசையில், எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தோம். போன வாரம் மட்டும் முப்பத்தொரு புத்தகங்கள் வெளியே போயின. பத்து பதினைந்து இன்னும் திரும்பவில்லை, அவற்றில் சில திரும்பவே போவதில்லை. ஒன்று யாரோ ஒருத்தியின் அத்தை வீட்டுக்கு, திருவண்ணாமலைக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

இனி உன் வேலை. ஆண்டுக் கணக்கில் "தொலைந்த நூல்கள்" என்று ஒரு தலைப்புப் போட்டு, அதைச் சிவப்பு மையில் கோடிட்டு அனுப்புவாய் என்று எனக்குத் தெரியும். முப்பத்தைந்து ஆண்டு வங்கிப் பழக்கம் உன்னை விடாது. இந்த முறை அந்தத் தொகையைத் தேய்மானத்தில் எழுது. நன்கொடையாளர்கள் யாராவது கேட்டால் என் பெயரைச் சொல். கழிப்பறைக் கதவுக்கு வாங்கிய தாழ்ப்பாளின் ரசீதை இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன்
சோடாபுட்டி