கட்டை ஏன் அவிழ்க்கிறார்கள்?

அன்புள்ள மீனாட்சி,

கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததில் மகிழ்ச்சி. இங்கே எல்லோரும் நலம்.

காலில் புண்ணோடு உன்னிடம் வரும் அந்தத் துணிக்கடை அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். "கட்டுப் போட்டு அனுப்பினால் ராத்திரியே அவிழ்த்துவிடுகிறார், சொல்பேச்சு கேட்பதில்லை" என்ற வரிதான் உறுத்தியது. வலி தாங்காமல் அவிழ்ப்பவரைப் பிடிவாதக்காரர் என்று சீட்டில் எழுதிவிடுகிறோம்.

வெரிகோஸ் புண் (கால் சிரை பழுதாகி ரத்தம் தேங்குவதால் வரும் புண்) அவ்வளவாக வலிக்காது என்று நம் காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அதை மறந்துவிடு. புண்ணின் அளவுக்கும் வலிக்கும் சம்பந்தமில்லை. கணுக்காலுக்கு மேல் வெள்ளைத் தழும்புக்கு நடுவே வரும் பொட்டுப் புண்தான் பல நேரம் உயிரை எடுக்கும். அதனால் முதலில் 0 முதல் 10 வரை வலியைக் கேள். சும்மா இருக்கும்போது எவ்வளவு, கட்டு மாற்றும்போது எவ்வளவு என்று தனித்தனியாகக் குறித்துக்கொள். தூக்கம் எப்படி, புண்ணின் நாற்றத்துக்குப் பயந்து விசேஷங்களுக்குப் போகாமல் இருக்கிறாரா என்றும் கேள். தானாக அவர் சொல்ல மாட்டார்.

காலை உயர்த்தினால் வலி கூடுகிறது, தொங்கவிட்டால் குறைகிறது என்றால் தமனி (காலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்) அடைப்பைச் சந்தேகி. ரத்த ஓட்டத்தை ஒலியால் காட்டும் டாப்ளர் கருவியில், கணுக்காலின் சிஸ்டாலிக் (மேல் எண்) ரத்த அழுத்தத்தைக் கையின் சிஸ்டாலிக் அழுத்தத்தால் வகுத்துப் பார். 0.8-க்குக் கீழே முழு இறுக்கக் கட்டு கூடாது, 0.5-க்குக் கீழே உடனே ரத்தக்குழாய் நிபுணரிடம் அனுப்பு. சர்க்கரை நோயாளிக்குத் தமனி கல்லாகிப்போய் 1.3-க்கு மேல் காட்டினால் அந்த எண்ணை நம்பாதே.

கட்டு மாற்றுவதுதான் பெரிய வேதனை. காய்ந்து ஒட்டிய காஸைப் பிய்க்கவே கூடாது. வெதுவெதுப்பான சலைனை (உப்புநீரை) ஊற்றி ஊறவிட்டால் தானே கழன்று வரும். ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட் இரண்டையும் டிரேயிலிருந்தே எடுத்துவிடு. பாராசிட்டமாலை முக்கால் மணி நேரம் முன்னதாகக் கொடு. அழுகல் சதையை எடுப்பதானால் மரத்துப்போக வைக்கும் லிடோகெய்ன்–பிரிலோகெய்ன் க்ரீமைத் தடவி, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு அரை மணிக்கு மேல் காத்திரு. பக்கத்துத் தோலுக்கு ஜிங்க் பேஸ்ட். நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்பு வேண்டாம், அலர்ஜியில் தோல் வெந்தாற்போல் ஆகிவிடும்.

தமனி சரியாக இருந்தால் கட்டின் இறுக்கம் கணுக்காலில் 40 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம்தான் இலக்கு. ஆனால் முதல் நாளே அந்த இறுக்கம் கொடுத்தால் இவர் அவிழ்க்கத்தான் செய்வார். 20-இல் தொடங்கு, வலி அடங்க அடங்கக் கூட்டு. பாதத்தை 90 டிகிரியில் வைத்து, முன்னெலும்பிலும் கணுக்கால் முட்டியிலும் பஞ்சு கூடுதலாக வைத்து, விரல் அடியிலிருந்து முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை சுற்று, ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூடட்டும். மேலே போகப் போக இறுகினால் பாதம் வீங்கும். விரல் நீலமானாலோ மரத்தாலோ மட்டும் அவிழ்க்கச் சொல். திடீரென வலி ஏறி, சிவந்து, சுட்டால் தொற்றுதான், காத்திருக்காதே.

சிரை ஸ்கேனையும் தள்ளிப்போடாதே. 2018-இல் வந்த பிரிட்டன் ஆய்வில், பழுதான சிரையைச் சீக்கிரமே அடைத்தவர்களுக்குப் பாதிப்பேருக்கு 56 நாளில் புண் ஆறியது. தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள் ஆனது.

வேலையைப் பற்றியும் பேசு. நாளெல்லாம் நின்றால் கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளாது. கடைகளில் ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே வந்திருக்கிறது. முதலாளிக்குக் காட்ட உன் லெட்டர்பேடில் இரண்டு வரி எழுதிக் கொடு.

டாப்ளர் எண் கிடைத்ததும் எனக்கு எழுது.

அன்புடன்,
சுமதி