பேரு போட வேண்டாம்னு சொன்ன அக்காவுக்கு

பல்லடம் பக்கத்துல நாங்க புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் தறி குடோனுக்குப் போறவங்க. லீவு போட்டா அன்னிக்குக் கூலி இல்லீங்க. மே மாசக் கடைசியில, புள்ளைங்க படிச்ச பள்ளிக்கூடத்தை மூடறோம்னு ஃபோன்ல ஒரு செய்தி, அவ்வளவுதான்.

பெத்தவங்க வாட்ஸ்அப் குழுவுல ஆளாளுக்குப் புலம்பிட்டிருந்தப்ப, நீங்க ஒரு நாற்பது பக்க நோட்டோட வீடு வீடா வந்தீங்கக்கா. புள்ள பேரு, வகுப்பு, எமிஸ் நம்பர் (பள்ளிக் கல்வித்துறை ஒவ்வொரு புள்ளைக்கும் குடுக்கற நம்பர்), டிசி (மாற்றுச் சான்றிதழ்) கைக்கு வந்துச்சா, புதுப் பள்ளிக்குப் பஸ் இருக்குதா, ஒவ்வொண்ணுக்கும் ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட கட்டம். படிக்கத் தெரியாத எங்க மாமியாருக்கு நிறுத்தி நிதானமா வாசிச்சுக் காட்டினீங்க.

டிசி இல்லாம சேர்க்க மாட்டோம்னு ஒரு அரசுப் பள்ளியில சொன்னப்ப, 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட 5-ம் பிரிவைத் தமிழ்ல எழுதிக் குடுத்தீங்க. டிசி தாமதமாகுதுன்னு சேர்க்கையைத் தள்ளவும் கூடாது, மறுக்கவும் கூடாதுன்னு அதுல இருக்குது. மறுநாளே சேர்த்துக்கிட்டாங்க.

எங்க சின்னவ கூட்டாளிகளை விட்டுப் போக மாட்டேன்னு அழுதா. அவளும் கூட்டாளிங்க ரெண்டு பேரும் இப்ப ஒரே பெஞ்சுல உக்காந்திருக்கறாங்க. நீங்க நல்லா இருக்கோணுங்கக்கா.