ஆலைக்குள் வாக்குப்பெட்டி வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். வேலைநேரம், பணிக்கொடை, ஆட்குறைப்பு என்று பலவற்றை விரிவாக எழுதியவர், தொழிலாளர் சார்பில் நிர்வாகத்துடன் உட்கார்ந்து பேசப்போகும் சங்கம் எது, அதை யார், எப்படி முடிவு செய்வது என்ற கேள்வியை ஒரே வரியில் கடந்துவிட்டார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் லேத்தில் நின்றவன் நான். மற்ற எல்லாமே இந்த ஒன்றைப் பொறுத்துத்தான் நடக்கும் என்பது என் அனுபவம்.

பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. தொழிலாளர் சார்பில் பேச வேண்டிய சங்கம் இதுதான் என்று ஏற்பதுதான் அங்கீகாரம். வெளியில் இருப்பவர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டப்படி பதிவு செய்த சங்கம் சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குப் போடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் அந்தச் சான்றிதழைக் கொண்டுபோய் மேசையில் வைத்து, "எங்களோடு பேசுங்கள்" என்று முதலாளியைக் கட்டாயப்படுத்த முடிந்ததில்லை. மகாராஷ்டிரத்தில் அங்கீகாரத்துக்கென்று 1971இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் அப்படியொரு சட்டம் இல்லை. 1947இல் மத்திய சட்டத்திலேயே அங்கீகாரம் பற்றிய திருத்தம் ஒன்றை நிறைவேற்றினார்கள். நிறைவேறியதோடு சரி, அது ஒரு நாளும் நடைமுறைக்கு வரவில்லை.

இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில்தான் பிறந்தது. அதன் தலைவர் பி.பி. வாடியா மீது அங்கிருந்த பின்னி பஞ்சாலையின் நிர்வாகம் வழக்குத் தொடர்ந்து உயர் நீதிமன்றத்தில் தடையாணை வாங்கியது. சங்கம் நடத்துவதே குற்றம்போல் ஆகிவிடும் என்ற நிலையில்தான் 1926ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. உயிரோடு இருக்கும் உரிமையை அது கொடுத்தது. பேசும் உரிமையைக் கொடுக்கவில்லை.

பதிவு கூட எளிதாகக் கிடைத்துவிடுவதில்லை. சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024இன் நடுவில் சங்கம் தொடங்கினார்கள். சங்கத்தின் பெயரில் தன் பெயர் இருக்கக் கூடாது என்று நிர்வாகம் ஆட்சேபித்தது. செப்டம்பர் 9இல் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. அது நடந்துகொண்டிருந்தபோதே நிர்வாகம் வேறொரு தொழிலாளர் குழுவுடன் ஒப்பந்தம் போட்டது. சங்கம் உயர் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. பதிவுச் சான்றிதழ் கிடைத்த நாள் 2025 ஜனவரி 27. ஒரு தாளுக்கு இவ்வளவு பாடு!

"வேறொரு குழு" என்ற சொல்லைப் பத்திரிகையில் படித்ததும் எனக்குப் பழைய நினைவு வந்துவிட்டது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எங்கள் ஆலையில் பெரும்பாலோர் ஒரு சங்கத்தில் இருந்தோம். நிர்வாகம் கண்டுகொள்ளவில்லை. சம்பள ஒப்பந்தம் முடிந்து ஒன்றரை ஆண்டு ஆகியும் பேச்சு வார்த்தைக்கு அழைக்கவில்லை. ஒருநாள் காலை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய உறுப்பினர்கள் கொண்ட இன்னொரு சங்கத்தோடு 18(1) ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இவை அன்றிருந்த தொழில் தகராறுச் சட்டத்தின் பிரிவு எண்கள். அரசின் சமரச அதிகாரி முன்னிலையில் போடப்பட்ட 12(3) ஒப்பந்தம் ஆலையில் உள்ள அத்தனை பேரையும், பின்னால் வேலைக்குச் சேருபவரையும் சேர்த்துக் கட்டுப்படுத்தியது. அந்த அதிகாரி இல்லாமல் இரு தரப்பும் தாங்களே போட்டுக்கொண்ட 18(1) ஒப்பந்தம் கையெழுத்துப் போட்டவர்களை மட்டுமே கட்டுப்படுத்தியது. ஆகவே ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கையெழுத்து வாங்கினார்கள். ஃபோர்மேன் ஒரு கையில் தாளும் மறு கையில் மைப்பெட்டியுமாக இயந்திரம் இயந்திரமாக வந்தார். போட்டால் புதுச் சம்பளமும் நிலுவைத் தொகையும். போடாவிட்டால் பழைய சம்பளம். என் பக்கத்து லேத்தில் நின்ற நண்பருக்கு அடுத்த மாதம் மகள் கல்யாணம். கையில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கைக் கழிவுப் பஞ்சில் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து கையெழுத்துப் போட்டார். அன்று மதியம் கேண்டீனில் எங்களோடு உட்காரவில்லை. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். அவர்மேல் எனக்கு அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை. அந்த நிலையில் ஒரு மனிதனை நிறுத்தியவர்கள் மேல்தான் கோபம்.

ஏழெட்டு மாதம் கழித்து, வாயிற்கூட்டம், உண்ணாவிரதம், தொழிலாளர் துறை என்று அலைந்த பிறகு, ரகசிய வாக்கெடுப்புக்கு இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. கேண்டீனில் ஒரு மூலையில் போர்வையைக் கட்டி மறைத்தார்கள். உள்ளே ஒரு மேசை, ஒரு பென்சில், பூட்டுப் போட்ட தகரப் பெட்டி. நைட் ஷிஃப்ட் முடித்தவர்கள் தூக்கம் வழியும் கண்ணோடு வரிசையில் நின்றார்கள். கையெழுத்துப் போட்டவர்களும் நின்றார்கள். மாலையில் எண்ணியபோது எங்கள் சங்கம் வென்றது. கையெழுத்துப் போட்டவர்களில் பெரும்பாலோரும் எங்களுக்கே வாக்களித்திருந்தால்தான் அந்தக் கணக்கு வரும். மறுநாள் மதியம் நண்பர் தூக்கோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஃபோர்மேன் பார்க்கப் போடும் கையெழுத்துக்கும் போர்வைக்குப் பின்னால் போடும் வாக்குக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அப்படித்தான் விளங்கியது. இந்திய உணவுக் கழக வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றமே ரகசிய வாக்கெடுப்புக்கான வழிமுறையை வகுத்துக் கொடுத்தது. ரயில்வேயில் 2007, 2013, 2024 ஆகிய ஆண்டுகளில் பல லட்சம் பேர் வாக்களித்துத் தங்கள் சங்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ரயில்வேயில் முடிகிறது என்றால் ஒரகடம் தொழிற்பேட்டை ஆலைகளில் ஏன் முடியாது?

இப்போது 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்பு (அந்தப் புதிய தொகுப்புகளில் ஒன்று), அங்கீகாரத்தை முதன்முறையாக நடைமுறையில் உள்ள மத்திய சட்டத்துக்குள் கொண்டுவந்திருக்கிறது. இதை நான் மறுக்கவில்லை. பல சங்கங்கள் உள்ள ஆலையில், மஸ்டர் ரோலில், அதாவது நிறுவனத்தின் தொழிலாளர் பதிவேட்டில், உள்ளவர்களில் 51 சதவீதத்தின் ஆதரவு பெற்ற சங்கமே பேசும் சங்கம். யாருக்கும் அது இல்லையென்றால், 20 சதவீதமாவது உள்ள சங்கங்கள் சேர்ந்த ஒரு குழு. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மஸ்டர் ரோலில் யார் பெயர் இருக்கும்? கான்ட்ராக்ட் தொழிலாளியின் பெயர் ஒப்பந்ததாரரின் பதிவேட்டில் இருக்கும். அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் வருபவரைத் தொழிலாளி என்றே தொகுப்பு கணக்கில் எடுப்பதில்லை. ஒரே லைனில், ஒரே சீருடையில், ஒரே வேலையைச் செய்யும் பிள்ளைகள் இவர்கள். குறித்த காலத்துக்கு எடுக்கப்பட்டவர் பெயர் மஸ்டரில் இருந்தாலும், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்ற பயத்தில் சங்கப் படிவத்தில் கையெழுத்துப் போட மாட்டார். அவருக்கு ரகசிய வாக்கு ஒன்றுதான் வழி.

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் சட்டனூகா நகரில் வோல்க்ஸ்வேகன் கார் ஆலை இருக்கிறது. அங்கே சங்கம் வேண்டுமா என்று 2014இல் அரசு வாரியம் வாக்கெடுப்பு நடத்தியது. 626 பேர் வேண்டும் என்றார்கள், 712 பேர் வேண்டாம் என்றார்கள். 2019இல் மீண்டும் தோல்வி, 776க்கு 833. 2024 ஏப்ரலில் 2,628 பேர் வேண்டும் என்றும் 985 பேர் வேண்டாம் என்றும் வாக்களித்தார்கள். இரண்டு தோல்விகளையும் தாங்கி, பத்து ஆண்டு பொறுத்து வென்றார்கள். வாக்கெடுப்பு என்றால் சங்கமும் தோற்கத் தயாராக இருக்க வேண்டும் என்பதை எங்கள் தோழர்களுக்கும் சொல்கிறேன். ஒரு வேறுபாடும் உண்டு. அங்கே பதிவான வாக்குகளில் பெரும்பான்மை போதும். இங்கே மஸ்டரில் உள்ள மொத்தப் பேரில் 51 சதவீதம் என்பதால், விடுப்பில் ஊருக்குப் போனவரும் எதிர்ப்பாளர் கணக்கில் சேர்ந்துவிடுவார்.

மாநில அரசுக்கு நான் கேட்பது சிறிய விஷயங்கள்தான். உறுப்பினர் பட்டியலையும் சந்தாப் பிடித்தத்தையும் பார்த்துப் பெரும்பான்மையை முடிவு செய்ய வேண்டாம், ரகசிய வாக்கெடுப்பே நடக்கட்டும். அதைத் தொழிலாளர் துறை நடத்த வேண்டும், நிர்வாகம் நடத்தக் கூடாது. வாக்காளர் பட்டியலைப் பத்து நாள் முன்பே ஆலை வாசலில் ஒட்டட்டும், விடுபட்டவர் முறையிட நேரம் கிடைக்கும். ஆண்டுக்கணக்கில் ஒரே லைனில் நிற்கும் கான்ட்ராக்ட் தொழிலாளருக்கும் வாக்கு வேண்டும். மூன்று ஷிஃப்டுக்கும் பெட்டி திறந்திருக்க வேண்டும். பெட்டியை, வருகையைப் பதியும் டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு எதிரே வைக்கக் கூடாது. எங்கள் ஆலையில் முதலில் அங்கேதான் வைத்தார்கள். நாங்கள் சண்டை போட்டுத்தான் கேண்டீனுக்கு மாற்றினோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டர்னர்,
அம்பத்தூர், சென்னை.