காலிக் கூடைக்கு ஒரு கையெழுத்து

பருவத்துக்கு முன்பே பணம் கொடுத்துவிட்டு வாராவாரம் விளைச்சலில் ஒரு கூடை பங்கு வாங்கும் நம் பண்ணையின் பங்குதாரர்களுக்கும், பங்குதாரராக இல்லாமலே வந்து நின்றவர்களுக்கும் வணக்கம்.

இந்த மடலை மூன்று தடவை தொடங்கி மூன்று தடவையும் பாதியில் விட்டேன். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் பெயர் விட்டுப்போனது ஞாபகம் வந்து, அதைச் சேர்க்கப் போய், அப்புறம் பட்டியல்தான் நீண்டதே தவிர சொல்ல நினைத்தது வரவில்லை. அதனால் இதில் யார் பெயரும் இல்லை. பண்ணைக்குள் வெள்ளம் புகுந்த அந்த இரவைப் பற்றியும் எழுதப்போவதில்லை. உங்களில் பாதிப் பேர் முழங்கால் தண்ணீரில் என்னோடு நின்றவர்கள், மீதிப் பேர் விடிந்ததும் மண்வெட்டியோடு வந்தவர்கள், உங்களுக்கு நான் என்ன புதிதாகச் சொல்லிவிட முடியும்?

முதலில் மொத்தமாக ஒரு நன்றி. கேட்காமலே மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு வாடகைப் பேச்சை எடுத்தாலே முறைத்தவர்களுக்கு, மூட்டை மூட்டையாக மணல் கட்டியவர்களுக்கு, மூன்று நாளும் எங்களுக்குச் சோறு போட்ட வீடுகளுக்கு, நனைந்த கணக்கு நோட்டை ஒவ்வொரு தாளாகக் காயவைத்துத் திரும்ப எழுதிக் கொடுத்த பிள்ளைகளுக்கு. ஈர மண்ணை மிதிக்காதீர்கள், மிதித்தால் இறுகிப்போய் வேருக்குக் காற்றே போகாது என்று நான் கத்திக்கொண்டே இருந்ததைப் பொறுத்துக்கொண்டு, பலகை போட்டு அதன் மேலேயே நடந்தவர்களுக்குத் தனி நன்றி. விதை கொடுத்தவர்களுக்கும். கொட்டகையில் இருந்த விதை எல்லாம் போய்விட்டது என்று உட்கார்ந்திருந்தபோது, போன வருடங்களில் எங்களிடம் வாங்கிப்போய் விதைத்து, அதிலிருந்து எடுத்துக் காயவைத்து மருந்துப் புட்டியில் போட்டு வைத்திருந்ததை ஒவ்வொருவராகக் கொண்டுவந்து கொடுத்தீர்கள். தக்காளியிலும் பீன்ஸிலும் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பார்த்தோம், எட்டும் ஒன்பதும் முளைத்தன. பூசணி விதை கொடுத்தவர்கள் மட்டும் கோபித்துக்கொள்ள வேண்டாம். தக்காளி பெரும்பாலும் தன் பூவுக்குள்ளேயே காரியத்தை முடித்துக்கொள்ளும், பூசணி அப்படி இல்லை, தேனீ யார் தோட்டத்து மகரந்தத்தை எங்கே கொண்டுவந்து வைத்ததோ. அதை ஓர் ஓரத்தில் தனியாகப் போட்டு, என்ன காய்க்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கொடுப்போம்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

தண்ணீர் வடிந்து வந்த முதல் வழங்கும் நாள் அது. வழங்க ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை என்றுகூடச் சொல்ல முடியாது, மேட்டுப் பாத்தியில் கீரை பச்சைப்பசேலென்று நின்றது, அதைத்தான் முந்தின நாள் பிடுங்கி எறிந்திருந்தோம். நன்றாகக் கழுவிச் சாப்பிடலாமே என்று சிலர் கேட்டீர்கள். கேட்டது நியாயம், எனக்கும் கை வரவில்லை. ஆனால் மழைத் தண்ணீர் தேங்கி நிற்பது வேறு, வெளியிலிருந்து புரண்டு வந்த தண்ணீர் வேறு. அது வருகிற வழியில் சாக்கடையைத் தொட்டிருக்கும், எண்ணெயைத் தொட்டிருக்கும், எவன் வயலுக்கு வைத்திருந்த மருந்தைத் தொட்டிருக்குமோ தெரியாது. இலையில் ஒட்டிய கிருமி எல்லாம் கழுவினால் போய்விடாது. அதனால் அந்தத் தண்ணீர் பட்ட எதையும் யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தோம். முடிவு சரிதான். சரியான முடிவை எடுத்துவிட்டு, காலிக் கூடைகளை அடுக்கிவைத்துக்கொண்டு, பதிவேட்டோடு மேசையில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு அவமானமாக இருக்கும் என்பதைத்தான் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

பருவத்துக்கான பணத்தை எல்லோரும் முன்னாலேயே கொடுத்துவிட்டீர்கள். அது விதையாகவும் குழாயாகவும் கூலியாகவும் மாறி, மண்ணோடு மண்ணாகப் போய்விட்டது. இரண்டு பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டிருந்தார்கள். அவர்கள் மேல் வருத்தம் இல்லை. சரி, பொய் சொல்வானேன், இருந்தது, இப்போது இல்லை. இன்னும் எத்தனை பேர் கேட்பார்கள், எதை விற்றுக் கொடுப்பது என்று தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

முதலில் வந்தவர் அவர். உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும், நம்மில் அதிகமாகக் குறை சொல்கிறவர். தக்காளியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவர், போன வாரத்துக் கத்திரிக்காய் எடை குறைவு என்று இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதியவர். அவரைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது, மறைக்க ஒன்றுமில்லை. எழுந்து நின்று, மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பிக்க ஆரம்பித்தேன். அவர் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. “பதிவேடு எங்கேம்மா?” என்றார். எடுத்துக் கொடுத்தேன். விரலால் தேடித் தன் வரியைப் பிடித்தார், சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

“ஐயா, இந்த வாரம் ஒன்றும் இல்லையே” என்றேன்.

“தெரியும். நல்லா விளைஞ்சப்ப ரெண்டு கூடை தூக்கிட்டுப் போனேன், அப்ப வேண்டாம்னு சொன்னேனா? இந்த வாரப் பங்கு இவ்வளவுதான், வாங்கிக்கிட்டேன்” என்றார். சொல்லிவிட்டு, “இதை எங்கே கொட்டட்டும்?” என்று கேட்டார். அப்போதுதான் பார்த்தேன், வழக்கமாகக் கொண்டுவரும் சமையலறைக் கழிவு வாளி அவர் கையில் இருந்தது.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உரத்தொட்டியும் போய்விட்டது என்று அவருக்கு எப்படிச் சொல்வது? அவரே சுற்றிப் பார்த்தார். வேலியோரம் மேடாக இருந்த இடத்தில் கொட்டினார், எங்கிருந்தோ காய்ந்த சருகை அள்ளி வந்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு என்று கணக்காக மேலே மூடினார். சருகு போடாமல் கொட்டினால் கரிமம் போதாமல் நாற்றம் அடிக்கும் என்று நான் வாராவாரம் பாடம் எடுக்கிறேன் அல்லவா, அந்தப் பாடத்தைப் பற்றியும் ஒரு தடவை குறை சொன்னவர் அவர்! வாளியைக் கழுவத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனார். நான் கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதேன்.

பின்னால் வந்தவர்கள் பதிவேட்டில் அந்தக் கையெழுத்தைப் பார்த்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை, வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள், வரிசையாக வாளியைக் கொட்டினார்கள். மாலைக்குள் 58 பங்கில் 43 கையெழுத்து. குவியல் என் இடுப்புக்கு வந்துவிட்டது. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டராவது இருந்தால்தான் உரக்குவியல் உள்ளே சூட்டைப் பிடித்துவைக்கும் என்பார்கள், அது பிடித்துக்கொண்டது. நாலாம் நாள் காலை கிளறியபோது ஆவி வந்தது, வெப்பமானியைச் செருகிப் பார்த்தால் 60 டிகிரி. 55-ஐத் தாண்டிச் சில நாள் நின்றால் நோய்க் கிருமிகள் பெரும்பாலும் செத்துவிடும் என்று படித்தது உண்டு, ஆனால் அன்று எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை, உள்ளங்கையை அதன் மேல் காட்டிக்கொண்டு சும்மா நின்றேன்.

புதிதாகச் சேருகிறவர்களிடம் நான் ஒரு கதை சொல்வேன், கேட்டுக் கேட்டு அலுத்திருப்பீர்கள். 1970-களில் ஜப்பானில் பூச்சிமருந்துக்குப் பயந்த குடும்பங்கள் விவசாயிகளோடு நேரடியாகக் கைகோத்தது, அதற்கு டெய்க்கெய் என்று பெயர். அப்புறம் 1986-இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் ஒன்றும் நியூ ஹாம்ப்ஷயரில் ஒன்றுமாக இரண்டு பண்ணைகள் பருவத்துக்கு முன்பே பங்குப் பணம் வாங்கிக்கொண்டு பயிர் வைக்கத் தொடங்கியது. இதைச் சொல்லிவிட்டு, விளைச்சலில் மட்டும் அல்ல, இழப்பிலும் நமக்குப் பங்கு உண்டு என்று முடிப்பேன். சேர்க்கைத் தாளிலும் கீழே அந்த வரி இருக்கிறது. இத்தனை வருடமாக அதை ஒரு சம்பிரதாயமாகத்தான் சொல்லி வந்திருக்கிறேன் என்று அந்தச் சனிக்கிழமைதான் எனக்கே தெரிந்தது. நம்பியிருந்தால் தாளின் பின்பக்கம் ஏன் கணக்குப் போட்டேன்? அவர் அந்த வரியைப் படித்திருக்கிறார். எடைக் குறைவையும் கத்திரிக்காய்ச் சொத்தையையும் படித்த அதே கண்ணால், ஒப்புக்கொண்ட விஷயம் என்று இதையும் படித்து வைத்திருக்கிறார். இனி அவர் கடிதம் எழுதினால் இரண்டு பக்கத்தையும் முழுதாகப் படிப்பேன்.

அதனால் அடுத்த பருவத்தில் சில காரியங்களை மாற்றப்போகிறோம். நியூ ஹாம்ப்ஷயர் பண்ணையில் வருடச் செலவு முழுவதையும் கூட்டத்தில் விரித்துவைத்து, ஒவ்வொரு குடும்பமும் தன்னால் எவ்வளவு முடியும் என்று சொல்ல, தொகை போதாவிட்டால் இன்னொரு சுற்று கேட்பார்கள். எல்லோருக்கும் ஒரே தொகை என்று நான் பிடிவாதம் பிடித்து வந்தேன், அதை விடுகிறேன். திருப்பிக் கேட்ட இரண்டு பேரும் முடியாமல்தான் கேட்டிருக்கிறார்கள் என்று அப்புறம்தான் புரிந்தது, அவர்களுக்குப் பணம் போய்ச் சேர்ந்துவிட்டது, கூட்டத்துக்கும் அவர்கள் வரவேண்டும். விதையை இனி ஒரே கொட்டகையில் வைக்க மாட்டோம், ஒவ்வொரு ரகமும் குறைந்தது மூன்று வீட்டில் இருக்கும். வடிகாலை ஆழப்படுத்துகிறோம், பாத்தியை உயர்த்துகிறோம், அதற்கு ஆள் வேண்டும், யாரிடம் கேட்கப்போகிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

முதல் கூடை எப்போது என்று கேட்கிறீர்கள். பச்சைச் சாணம் போட்ட நிலத்தில் மண் படும் காய்க்கு 120 நாள், படாத காய்க்கு 90 நாள் காத்திருந்து அறுவடை செய்கிற இயற்கை விவசாய விதி ஒன்று உண்டு, அதையே தண்ணீர் வடிந்த நாளிலிருந்து எண்ணி இந்த நிலத்துக்கும் வைத்துக்கொண்டிருக்கிறோம். இடையில் மண்ணை மூடிக் காக்கிற மூடுபயிர் மட்டும்தான், அது மண்ணுக்கு, கூடைக்கு இல்லை.

அதுவரைக்கும் சனிக்கிழமைகளில் பதிவேடு மேசையில் இருக்கும், கூடை காலியாக இருக்கும். வாளியைக் கொண்டு வாருங்கள், பழத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை மட்டும் வீட்டிலேயே உரித்துவிடுங்கள், இருபது விரல் இருந்தாலும் எங்களுக்குப் பொறுக்கி மாளவில்லை.

ஐயா, நீங்கள் பேனாவை மேசையிலேயே விட்டுப் போய்விட்டீர்கள். அன்று எல்லோரும் அதில்தான் கையெழுத்துப் போட்டார்கள். மூடி எங்கேயோ போய்விட்டது, பேனா என்னிடம் பத்திரமாக இருக்கிறது.