ஆசிரியர் சங்கக் கிளை ஆண்டறிக்கை: கூட்டு ஒப்பந்தங்களும் நம் பணித்திறனும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு அதிகம் விவாதித்தது வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு போடும் புரிந்துணர்வு ஒப்பந்தங்களைத்தான். இவற்றால் ஆய்வு வளரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த வேலைக்கு நேரமும் பதவி உயர்வுக்கான புள்ளியும் ஒதுக்காத துறையில் ஆசிரியர் களைத்துப்போகிறார், வகுப்பும் தொய்கிறது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 நெறிமுறைப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி, மற்றவர்களுக்கு 14 மணி நேரடிக் கற்பித்தல். இந்த ஒப்பந்தங்களின் ஒருங்கிணைப்பாளர் வேலை இதற்கு மேல் ஏறுகிறது. ஜெர்மனியில் குளிர்காலத்தில் பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கும் இணையவழி வகுப்பு நமக்கு மாலை 6.30. மறுநாள் முதல் பீரியடும் அதே ஆசிரியருக்கே இருக்கும். பருவமும் ஒத்துப்போவதில்லை: அங்கே பாடம் அக்டோபரில் தொடங்கும்போது நம் பருவம் பாதி தாண்டியிருக்கும். அவர்கள் இங்கு வரப் பிப்ரவரி இறுதி முதல் மார்ச் வரை ஏற்றது, நாம் அங்கு செல்ல மே, ஜூன்.

அதிகம் இழப்பது புள்ளியில். ஒரு கட்டுரைக்கு 20 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். இருவர் எழுதினால் ஆளுக்கு 70 விழுக்காடு, அதாவது 14. மூன்றாவதாக ஒரு பெயர் சேர்ந்துவிட்டால் முதன்மைக் கட்டுரையாளருக்கு 14, மற்றவர்களுக்கு ஆளுக்கு 6 மட்டுமே. மாதிரி சேகரித்து, அளந்து, அட்டவணை போட்டது நம்மவர். முதல் பெயரும், இதழோடு தொடர்புகொள்ளும் கட்டுரையாளர் இடமும் அந்தப் பக்கம் போய்விட்டால் பதவி உயர்வுக் கோப்பில் அந்த உழைப்பு 6 ஆகச் சுருங்கிவிடும். கட்டுரை எழுதி முடித்த பிறகு இதைக் கேட்பது மனக்கசப்பில் முடியும். தரவு சேகரிக்கும் முன்பே பெயர் வரிசையை எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். முனைவர் பட்ட வழிகாட்டலில் இந்தச் சிக்கல் இல்லை. நெறியாளர், இணை நெறியாளர் இருவருக்கும் தலா 7 புள்ளி.

அலுவலகப் பணியாளர்களின் சுமையையும் சொல்லியாக வேண்டும். படிப்புச் சுமையை அளக்கும் ஐரோப்பிய கிரெடிட் ஓர் ஆண்டுக்கு 60, நம்முடையது 40-ஐ ஒட்டியது. அங்கே 6 கிரெடிட் பெற்ற தாளை இங்கும் 6 என்று பதிந்தால், தேர்வுப் பிரிவில் மதிப்பெண் பட்டியலையே திருத்த வேண்டிவரும். உண்மையில் அது 4. மாற்று அட்டவணை ஒப்பந்தத்தின் இணைப்பாகவே இருந்தால் எழுத்தர் ஊகிக்க வேண்டியதில்லை.

எனவே பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு மூன்று தீர்மானங்களை முன்வைக்கிறோம்: ஒருங்கிணைப்பாளருக்கு வாரம் 2 மணி கற்பித்தல் குறைப்பு, ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் பொறுப்பாளர் பெயருடன் ஆண்டுத் திட்டம், 12 மாதம் எதுவும் நடக்காத ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விடுதல்.

வரவுசெலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்