ஆஷ்பர்ன் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு: மெட்ரோ, டோல், விமான நிலைய வழி

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், வாஷிங்டன் அருகே உள்ள நம் லவுடன் கவுண்டிக்குப் புதிதாக வந்த பலர் தனித்தனியாக வழி கேட்கிறீர்கள். அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

2022 நவம்பர் 15 முதல் சில்வர் லைன் மெட்ரோ ஆஷ்பர்ன் வரை வருகிறது. வாஷிங்டனில் வேலை என்றால் ரயில்தான் நல்லது என்பேன். ஸ்டேஷன் கிரீன்வே சாலையின் நடுவில் இருக்கிறது, பார்க்கிங் இரண்டு பக்கமும் உண்டு. காரை எந்தப் பக்கம் விட்டீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மெட்ரோவின் கட்டண அட்டையான ஸ்மார்ட்ரிப் கார்டு இல்லையா? 2025 மே முதல் வங்கி கார்டையே கேட்டில் தட்டலாம். ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும், இறங்கும்போதும் அதே கார்டைத்தான் தட்ட வேண்டும்.

டல்லஸ் (Dulles) விமான நிலையம் ஆஷ்பர்னிலிருந்து இரண்டாவது ஸ்டேஷன். அங்கிருந்து டெர்மினலுக்குச் சுரங்க நடைபாதை, நகரும் தளத்தோடு. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் மட்டும் கார் எடுத்துப் போங்கள். அத்தனை பெட்டியோடு ரயில் சரிப்படாது.

சாலையில் ஒரு விஷயம் முக்கியம். டல்லஸ் டோல் ரோடு என்னும் கட்டணச் சாலையின் நடுவே ஓடும் ஆக்ஸஸ் ரோடு விமான நிலையம் போய்வருவோருக்கு மட்டுமே இலவசம். டோலைத் தவிர்க்க விமான நிலையத்துக்குள் சுற்றித் திரும்பினால் போலீஸ் அபராதம் போடும். தயவுசெய்து யாரும் முயல வேண்டாம்.

கிரீன்வே தனியார் சாலை, டோல் அதிகம். அவசரமில்லை என்றால் ரூட் 7, ரூட் 28 சாலைகளில் போங்கள், இரண்டுக்கும் டோல் கிடையாது. மாலையில் ரூட் 7 நெரிசலாக இருக்கும், கொஞ்சம் முன்னதாகவே கிளம்புங்கள்.